கரி பூசிய குடுக்கை

கரட்டுக்காடு, ஆட்டையாம்பட்டி
4-10-1938

அத்தாயிக்கு நாச்சிமுத்து எழுதுவது.

இங்கே நான் சுகம். உன் சுகத்தைக் கேட்கப் போவதில்லை. அரிசி மில் வைத்திருக்கும் அண்ணன் வீட்டில் குந்தித் தின்கிறவளுக்கு என்ன குறைச்சல் இருக்கப் போகிறது?

நீ ஆத்தூருக்குப் பஸ் ஏறிய அன்று நான் சேலத்து வக்கீலை வழியனுப்பப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் அடுப்பில் பூனை தூங்குகிறது. கட்டின புருஷனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போகிற அளவுக்கு உனக்கு என்ன நடந்துவிட்டது? ஒரு சுரைக்குடுக்கையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாய். ஐம்பது கெஜத்திலிருந்து நான் சுட்டேன். குடுக்கை உடைந்தது. உன் விரலில் ஒரு கீறல் உண்டா? ஏற்காட்டு எஸ்டேட் துரை நாற்காலியை விட்டு எழுந்து கை தட்டினார். வேறொருத்தியாக இருந்தால் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டிருப்பாள்.

எதற்குக் குடுக்கை, எதற்கு அதில் கரி என்று நீ அன்றைக்குக் கேட்டாய். அழுகையோடு கேட்டதால் பதில் மண்டையில் ஏறியிருக்காது. மறுபடி சொல்கிறேன். துரைமார் சிலர் துப்பாக்கிமேல் கண்ணாடிக்குழாய் வைத்திருப்பார்கள், தூரத்தில் இருப்பது கிட்டத்தில் தெரியும். நான் கொண்டப்பநாயக்கன்பட்டியில் ஏலம் எடுத்த துப்பாக்கியில் அதெல்லாம் கிடையாது. முனையில் ஒரு இரும்பு மணி, கண்ணுக்குப் பக்கத்தில் ஒரு பிளவு, அவ்வளவுதான். பிளவுக்குள் மணியைக் கொண்டுவந்து, மணியின் தலையில் குறியை உட்கார வைக்க வேண்டும். குறி ரொம்பச் சிறுத்தால் மணிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். ரொம்பப் பெருத்தால் எங்கே சுடுகிறோம் என்று தெரியாது. உருண்டையாக, கறுப்பாக, பின்னால் வெளுப்பாக இருந்தால் உத்தமம். பழகுகிறவனுக்குச் சுடத் தெரிவது அப்புறம், எதைச் சுடுவது என்று பொறுக்கத் தெரிய வேண்டும்.

குடுக்கைகள் தீர்ந்துவிட்டன. வீட்டில் உன் சாமான்கள் இருக்கின்றன. நீ வருகிறவரை அவற்றில் ஒவ்வொன்றாக எடுத்து வரப்பில் வைத்துப் பழகுவதென்று முடிவு செய்திருக்கிறேன். நேற்று உன் பித்தளைக் குடத்தின் முறை. பித்தளை பளபளத்து மணியை மறைக்கும் என்று விளக்குக் கரியை வழித்துப் பூசினேன். வயிற்றிலேயே பட்டது.

தையில் மாடுகளுக்கு வைக்கும் பட்டிப் பொங்கலுக்குத் துரையும் வக்கீலும் மறுபடி வருகிறார்கள். அதே ஆட்டத்தை ஊரார் முன்னால் காட்டுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். குடுக்கை பிடிக்க நீ வந்து சேர்.

நாச்சிமுத்து


ஆத்தூர்
13-10-1938

மாமா அவர்களுக்கு அத்தாயி எழுதிக்கொள்வது.

கடிதம் கிடைத்தது. அண்ணன்தான் முதலில் பிரித்துப் படித்தார். படித்துவிட்டு, "மாப்பிள்ளைக்கு உம்மேல எத்தனை பிரியம் பாரு, கை நோவ எழுதியிருக்காரு" என்றார். இந்த வீட்டில் எனக்கு இருக்கும் பக்கபலம் இவ்வளவுதான்.

கீறல் உண்டா என்று கேட்கிறீர்கள். இல்லை. குண்டு போன காற்றில் காதோரத்து மயிர் பறந்தது. அப்புறம் வெகுநேரம் அந்தக் காதில் ஒன்றும் கேட்கவில்லை. "வேண்டாமுங்க, பயமா இருக்குதுங்க" என்று உங்கள் காலைத் தொட்டுக் கேட்டேன். நீங்கள் துரையைப் பார்த்துச் சிரித்துவிட்டு என் கையைப் பிடித்து நீட்டி, ஆணி அடித்த மாதிரி நில் என்று சொல்லிப் போனீர்கள். நான் நின்றது தைரியத்தில் இல்லை. அசைந்தால் செத்துப்போவேன் என்ற பயத்தில் நின்றேன். அந்தப் பயத்தைப் பார்த்து நீங்கள் சந்தோஷப்பட்டதை அங்கிருந்தே பார்த்தேன். அதற்குத்தான் பஸ் ஏறினேன்.

குடம் போனால் போகட்டும். ஆனால் ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன். சமையற்கட்டில் உயரத்தில் இருக்கும் அட்டத்தின்மேல் சாக்கு போட்டு மூடி வைத்திருக்கும் தவலையும், பக்கத்தில் இருக்கும் கும்பாவும், பெரிய போசியும் என் அப்பன் எனக்குச் சீராகக் கொடுத்தவை. அவற்றைப் பார்த்தால்தான் எனக்குப் பிறந்த வீட்டு ஞாபகம் வரும். வேறு எதை வேண்டுமானாலும் சுட்டுக்கொள்ளுங்கள். அந்த மூன்று பாத்திரத்தையும் தொட வேண்டாம். உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

அத்தாயி


கரட்டுக்காடு
1-11-1938

அத்தாயிக்கு,

நீ கெஞ்சி எழுதியது நல்லதாகப் போயிற்று. சமையற்கட்டுப் பக்கம் நான் எந்தக் காலத்தில் போனேன்? எது எங்கே இருக்கிறதென்று நீ எழுதியிருக்காவிட்டால் எனக்குத் தெரிந்தே இருக்காது.

பண்ணையாள் சின்னுசாமியை அட்டத்தில் ஏற்றி மூன்றையும் இறக்கினேன். இறக்கும்போது அவன் என்னவோ முனகினான். வாயை மூடு என்றேன். தவலை பெருத்த வயிறு, எழுபது கெஜத்தில் வைத்தால் மணிக்கு அளவாக இருந்தது. கழுத்திலிருந்து அடிவரை கரியை அப்பினேன், ஒரு பொட்டுப் பித்தளை வெளியே தெரியாமல். பின்னால் சுண்ணாம்பு அடித்த பட்டிச் சுவர். முதல் தோட்டா விளிம்பில் உரசிப் போனது, இரண்டாவது உள்ளே இறங்கியது. போசி அவ்வளவு சுவாரசியம் இல்லை, சரிந்து விழுந்துவிட்டது. கும்பாதான் அற்புதம். சுட்டவுடன் மணி அடித்த மாதிரி ஒரு சத்தம், எதிர்க் கரட்டுப் பாறையில் பட்டுத் திரும்பி வந்தது. உன் அப்பன் நல்ல வெண்கலமாகத்தான் வாங்கியிருக்கிறார். அவர் இருந்திருந்தால் சொல்லி அனுப்பியிருப்பேன்.

உன்னோடு சீராக வந்த காரிப்பசு இங்கே யாரையும் மடியில் கை வைக்க விடவில்லை. சின்னுசாமியின் முழங்காலை உதைத்துவிட்டது. எசமானியைப் போலவே இருக்கிறது.

இன்னும் என்னென்ன உன் அப்பன் கொடுத்தது என்று எழுது. பொங்கல்வரை பழக வேண்டுமே.

நாச்சிமுத்து


ஆத்தூர்
12-11-1938

மாமா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். இந்த வீட்டுக்கு வந்தபிறகு அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தேன்.

மூன்றையும் தேடிக் கொண்டுவரச் சொல்லுங்கள். புளியும் சாம்பலும் போட்டு நன்றாகத் தேய்க்கச் சொல்லுங்கள். கரி போனதும் கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டியிருப்பது தெரியும். நீங்கள் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொள்ளலாம். பெருமாயி.

உங்கள் அம்மாவின் தவலை அது. உங்கள் அம்மாவின் போசி. அந்தக் கும்பாவில்தான் அத்தை உங்களுக்குக் கம்மஞ்சோறு கரைத்துக் கொடுப்பார். உங்களுக்கு எங்கே ஞாபகம் இருக்கப் போகிறது, கும்பாவையா பார்த்தீர்கள், சோற்றைப் பார்த்தீர்கள். சாகிறதற்கு முன்னால் என்னைக் கூப்பிட்டு, "சாமி, இது மூணையும் ஆருக்கும் குடுத்தறாதே, எம் பையன் ஊட்டுலயே இருக்கட்டும்" என்றார். நானும் மூன்று வருஷம் சாக்குப் போட்டு மூடிக் காப்பாற்றினேன். அவர் பேர் சொல்ல அந்த வீட்டில் வேறு ஒன்றும் கிடையாது. அதையும் நீங்களே பொறுக்கி எடுத்து, நீங்களே கரி பூசி, நீங்களே ஓட்டை போட்டாயிற்று.

அத்தை என்னிடம் நல்லபடியாகத்தான் இருந்தார். அதை நினைத்தால் ராத்திரி கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் செய்தேன். உங்களுக்கும் ஏதாவது ஒன்றில் வலிக்க வேண்டும் என்று இருந்தது.

அத்தாயி


கரட்டுக்காடு
26-11-1938

அத்தாயிக்கு,

தேய்த்துப் பார்த்தேன். 'பெரு' போய்விட்டது. 'மாயி' இருக்கிறது.

அதைப்பற்றி உன்னிடம் பேச ஒன்றும் இல்லை. புதன்கிழமை ஆத்தூர் வந்தேன். வீட்டுக்கு வரவில்லை, நேராக மில்லுக்குப் போய் உன் அண்ணன் வெங்கடாசலத்தைப் பார்த்தேன். மூத்த தங்கை வாழாமல் வந்து உட்கார்ந்திருக்கும்போது இளையவளை எவன் கட்டுவான் என்று கேட்டேன். அவர் அதே கவலையில் இருந்தவர்போல் தலையில் கை வைத்துக்கொண்டார். அக்காள் சரியில்லையென்றால் தங்கையைக் கட்டுவது நம்மில் புதுசா என்ன? கமலவேணியை எனக்குக் கொடுக்கச் சம்மதித்துவிட்டார். தை கடைசியில் முகூர்த்தம் பார்க்கிறோம். வெற்றிலை பாக்கு மாற்றியாயிற்று.

கமலவேணிக்குப் பதினேழு வயது. கை நல்ல நீளம். குடுக்கை பிடிக்க உன்னைவிடத் தோதாக இருப்பாள். முதலில் பயப்படுவாள், பிறகு பழகிவிடும்.

ஆனாலும் பொங்கலுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். கல்யாணம் அதற்குப் பிறகுதான் வருகிறது. அதனால் உனக்கு ஒரு வழி விடுகிறேன். பட்டிப் பொங்கலன்று நீ வந்து ஊரார் முன்னால் குடுக்கை பிடித்து நின்றால், இந்தச் சம்பந்தப் பேச்சை நானே நிறுத்திவிடுகிறேன். வராவிட்டால் நீ அங்கேயே இரு, உன் தங்கை இங்கே வரட்டும்.

நாச்சிமுத்து


ஆத்தூர்
7-12-1938

மாமா அவர்களுக்கு,

நீங்கள் சொன்னதெல்லாம் நிஜமா என்று அண்ணனிடம் கேட்டேன். தலையைத் தூக்காமல் நெல்லை அள்ளி அள்ளிக் கொட்டிக்கொண்டே, "நீ ஒழுங்கா இருந்திருந்தா இவளை ஏன் தாறேன்?" என்றார். அவரிடம் பேசிப் பிரயோசனம் இல்லை.

கமலவேணியிடமும் பேசினேன். அவளுக்கு ஒன்றும் தெரியாது. நேற்றுக் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு, "ஏங்க்கா, மச்சான் சுடறப்ப கண்ணை மூடிக்கலாமா, தொறந்துட்டே இருக்கோணுமா?" என்று கேட்டாள். விளையாட்டு என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவளை நான் இடுப்பில் தூக்கி வளர்த்தேன். எனக்குப் பிள்ளை இல்லாத குறைக்கு அவள்தான் பிள்ளை. அன்றைக்கு நான் நின்ற தென்னை மரத்தடியில் அவள் கை நீட்டி நிற்பதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகையால் வாரேன். உங்கள் துரைக்கும் ஊருக்கும் முன்னால் நிற்கிறேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். குடுக்கையை எப்படிப் பிடிப்பது என்று இந்தத் தடவை நான்தான் முடிவு செய்வேன். நான் எங்கே பிடிக்கிறேனோ அங்கேயே நீங்கள் சுட வேண்டும். அவ்வளவு நன்றாகச் சுடுகிறவருக்கு இதில் என்ன கஷ்டம்? சம்மதம் என்று எழுதுங்கள். நான் நின்று முடித்ததும் கமலவேணி பேச்சு நிற்க வேண்டும்.

அத்தாயி


கரட்டுக்காடு
16-12-1938

அத்தாயிக்கு,

சம்மதம். தலைமேல் வைத்துக்கொள், கையில் தொங்கவிடு, எனக்கு எல்லாம் ஒன்றுதான். இப்போது நூறு கெஜத்தில் எலுமிச்சம்பழத்தை அடிக்கிறேன்.

ஆனால் அன்றைக்கு நீ கட்டியிருந்த மயில்கழுத்துப் பச்சையைக் கட்டிக்கொண்டு வராதே. கரி பூசின குடுக்கை காற்றில் பறந்த உன் முந்தானைப் பச்சையோடு பச்சையாகப் போய்விட்டது, மணியைக் கொண்டுபோய் உட்கார வைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சாயங்கால வெளிச்சம் வேறு மங்கலாக இருக்கும். கறுப்புக் குறிக்குப் பின்னால் வெளுப்பு வேண்டும் என்று உனக்கு முன்னமே எழுதியிருக்கிறேன். அதனால் வெள்ளையாக ஒரு சீலை கட்டிக்கொண்டு வா. கரை இல்லாததாக இருந்தால் நல்லது.

பொங்கலன்று காலையிலேயே வந்துவிடு. விருந்துக்கு ஆள் வேண்டும்.

நாச்சிமுத்து


ஆத்தூர்
29-12-1938

மாமா அவர்களுக்கு,

நீங்கள் கேட்ட சீலை கிடைத்துவிட்டது. மில்லில் நெல் புடைக்கும் கந்தம்மாள், புருஷனைப் பறிகொடுத்தவள், அவளுடையது. எதற்கு என்று கேட்டாள். என் வீட்டுக்காரர் கட்டி வரச் சொன்னார் என்றேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டினேன். அப்புறம் பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தாள்.

அத்தாயி


கரட்டுக்காடு
25-1-1939

அத்தாயிக்கு,

பட்டிப் பொங்கலன்று நீ செய்ததை எந்தப் பெண்ணாவது செய்வாளா?

வெள்ளை கட்டச் சொன்னேன், சரி. குறி தெரிவதற்காகச் சொன்னது. நெற்றியில் பொட்டு வைக்காமல் வரச் சொன்னேனா? தாலியை உள்ளே மறைத்துக்கொள்ளச் சொன்னேனா? விருந்து முடிகிறவரை அறைக்குள் இருந்துவிட்டு, எல்லோரும் கூடினபிறகு வெள்ளைச் சீலையோடு பட்டி வாசலில் வந்து நின்றாய். பொம்பளைகள் எல்லாம் வாயில் அடித்துக்கொண்டார்கள். சின்னுசாமி கூட்டத்துக்குள்ளிருந்து, "ஏனுங் பண்ணாடி, நீங்க உசுரோட இருக்கறப்பவே இதென்னுங் கோலம்?" என்று கத்தினான். நீ யாரையும் பார்க்காமல் குடுக்கையை இரண்டு கையாலும் பிடித்து நெஞ்சுக்கு நேராக வைத்துக்கொண்டாய்.

சம்மதம் என்று எழுதிக் கொடுத்தவன் நான். துப்பாக்கியைத் தூக்கினேன். மணியின் தலையில் குடுக்கை நன்றாக உட்கார்ந்தது. அப்படி ஒரு குறி எனக்கு வாய்த்ததே இல்லை. ஆனால் அதற்குமேலே உன் வெறும் நெற்றி. நான் செத்துப்போய், என் எழவுக்கு நீ நிற்கிறாய் என்று தோன்றிவிட்டது. விசையை அழுத்த விரல் வரவில்லை. துரை வக்கீலிடம் ஏதோ சொன்னார், இருவரும் சிரித்தார்கள். ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது. அப்படியே இறக்கி வைத்துவிட்டு எந்த முகத்தோடு நடமாடுவது?

அப்புறம் கை தவறிவிட்டது. காரி நீ நின்ற இடத்துக்குப் பக்கத்தில் கட்டியிருந்தது. நெற்றி நடுவில் பட்டது. கத்தக்கூட இல்லை, அப்படியே முன்னங்கால் மடித்து உட்கார்ந்துவிட்டது.

இப்போது இந்த வீட்டில் ஒருவரும் பச்சைத் தண்ணீர் குடிப்பதில்லை. மாலை போட்டுக் கும்பிட்ட பசுவை அதே நாளில் கொன்றவன் என்று சொல்கிறார்கள். நாவிதன் வர மறுக்கிறான், சின்னுசாமி வேலையை விட்டு நின்றுவிட்டான். உன் அண்ணன் வெற்றிலை பாக்கைத் திருப்பி அனுப்பிவிட்டார், பசு கொன்றவனுக்குப் பெண் கிடையாதாம். துரையும் ஒரு வரி எழுதவில்லை.

பரிகாரம் இருக்கிறதாம். பெண்டாட்டி பக்கத்தில் உட்காராமல் செய்யக் கூடாதாம். அதோடு, வேண்டுமென்று சுட்டேனா, குறி தப்பிப் பட்டதா என்று ஊர்க்கூட்டத்தில் கேட்கிறார்கள். எதிரில் நின்றவள் நீ. குறி தப்பிவிட்டது என்று உன் வாயால் சொன்னால் நம்புவார்கள். வா. துப்பாக்கியை இனித் தொட மாட்டேன். உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

நாச்சிமுத்து


ஆத்தூர்
4-2-1939

மாமா அவர்களுக்கு,

இதுதான் நான் உங்களுக்கு எழுதும் கடைசிக் கடிதம்.

காரி கன்றுக்குட்டியாக எங்கள் வீட்டில் பிறந்தது. என் கல்யாண வண்டிக்குப் பின்னால் கட்டி ஓட்டி வந்தார்கள். நானும் அதுவும் ஒரே நாளில்தான் அந்தப் பட்டிக்குள் காலெடுத்து வைத்தோம். அன்றைக்குக் கொம்புக்கு வர்ணம் பூசியிருந்தார்கள். என்னை அடையாளம் கண்டுகொண்டு கயிற்றை இழுத்துக்கொண்டு தலையை நீட்டியது. நான் அதைத் தொடக்கூட இல்லை, கையில் உங்கள் குடுக்கை இருந்ததே. அதை நினைத்து நினைத்து அழுகிறேன். உங்கள் அம்மாவின் பாத்திரத்துக்கு நான் செய்ததற்குக் கூலி என்றும் நினைத்துக்கொள்கிறேன். அப்படியானால் அந்தக் கூலி என்னோடு போயிருக்க வேண்டும், அந்த வாயில்லா ஜீவன் என்ன செய்தது?

கமலவேணிக்கு ராசிபுரத்தில் ஒரு இடம் வந்திருக்கிறது. அவள் துப்பாக்கிப் பேச்சையே எடுப்பதில்லை. காரியின் கன்றை அண்ணன் ஆள் விட்டு ஓட்டி வந்துவிட்டார். இரண்டு நாள் எதையும் தொடவில்லை. நேற்று என் கையிலிருந்து கொஞ்சம் தவிட்டுத் தண்ணீர் குடித்தது.

பரிகாரத்துக்கு நான் வரமாட்டேன். ஊர்க்கூட்டத்திலிருந்து வந்து கேட்டார்கள், பார்த்ததைச் சொல்லி அனுப்பிவிட்டேன். துரை சிரித்தபோது நீங்கள் ஒருதரம் என் முகத்தைப் பார்த்தீர்கள். அப்புறம் துப்பாக்கி முனை என்னை விட்டு மெதுவாக நகர்ந்தது. காரியின் நெற்றிக்கு வந்து நின்றது. நின்று, மூச்சை இழுத்துப் பிடித்து, அப்புறம்தான் சுட்டீர்கள். கை தவறினவர் மூச்சைப் பிடிக்க மாட்டார். என்னைச் சுட முடியாத கோபத்தை, என்னோடு வந்ததன்மேல் தீர்த்துக்கொண்டீர்கள்.

குறி தப்பிவிட்டது என்று என்னைச் சொல்லச் சொல்கிறீர்கள். உங்கள் குறி தப்பவில்லை. நான்தான் தப்பினேன்.

அத்தாயி